எல்லாத் தலைக்கும் ஒரே அளவு

— நூல் வாங்கலையா, இல்ல பின்னப் போறதே இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை கோயில்ல வச்சுத் தொப்பி குடுக்கணும். நாலு புது பனிச்சறுக்கு வாத்தியாருங்க வெறுந்தலையோட நிக்கப்போறாங்க.

— முதல்ல அந்த ஈர பூட்ஸைக் கழட்டிட்டு மேல ஏறி வா, இசாவோ. தலைமை வாத்தியார்னா மலையில வச்சுக்க. என் வீட்டு வாசல்ல நின்னு அதிகாரம் பண்ணாத. நானே கீரை அலசி இடுப்பொடிஞ்சு உக்காந்திருக்கேன்.

— இந்த வருஷம் கீரை ஊறுகாய் எத்தனை பீப்பா போடுறீங்க?

— ஒண்ணு. எப்பவும் ரெண்டு போடுவேன். வெந்நீர் ஊத்துல அலசும்போது பொம்பளைங்க எல்லாம் கேக்குறாங்க, என்ன கினுயே, பாதியாக் குறைச்சிட்டன்னு. தின்ன பையன் போயிட்டான்னு சொல்லவா? கைவலின்னு சொன்னேன். ம்க்கும். இதுக்குத்தான் உங்கிட்ட எதையும் சொல்றதில்ல. உடனே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவ. கணப்பு மேசைக்கு அடியில காலை நீட்டு. டீ ஊத்தறேன்.

— குழந்தை தூங்குதா?

— அடுத்த ரூம்ல. மெதுவாப் பேசு. அதுக்கு அப்படியே அவங்கப்பன் தொமோயா காது. கூரையில பனி சரிஞ்சாக்கூட முழிச்சுக்கும்.

— சயோ எங்க?

— கடைக்குன்னு போனா. நாளைக்குக் கூட்டத்துல பேச வேண்டியதை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே நடப்பா, பாவம். என் மருமக வர்றதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு பேசணும்னு இருந்தேன். நீயே வந்து நிக்கிற.

— நான் தொப்பி கேக்க வந்தேன்.

— நான் அதைவிடப் பெருசாக் கேக்கப்போறேன். நாளைக்கு வாத்தியார் சங்கக் கூட்டத்துல ஹெல்மெட் கட்டாயம்னு கை தூக்கு.

— அண்ணி.

— என்ன அண்ணி? சங்கத்துல இருக்கற அத்தனை பேரும் உன் கையத்தான் பாப்பாங்க. நீ தூக்குனா தூக்குவாங்க. நீ கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா அவங்களும் கட்டிக்குவாங்க.

— நான் என்ன சொல்றேன்னா அண்ணி, ஹெல்மெட்டை யார் வேணாங்கிறா? வர்ற விருந்தாளிங்க போடட்டும், பிள்ளைங்க போடட்டும். வாத்தியாருக்குச் சிவப்புத் தொப்பி. எங்கப்பா காலத்துலேருந்து அதான். மூடுபனி இறங்கிட்டா எங்க மூஞ்சியா தெரியுது? சிவப்புதான் தெரியுது. பெத்தவங்க என்ன சொல்லி அனுப்புறாங்க? 'சிவப்புத் தொப்பி பின்னாலயே போ'ங்கிறாங்க. அதை வழிச்சுப் போட்டுட்டு பிளாஸ்டிக் சட்டியைக் கவுத்துக்கச் சொன்னா எப்படி?

— சட்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடி.

— இப்ப போறவன் வர்றவன் எல்லாம் சிவப்புச் சட்டிதான் போடுறான். எவன் வாத்தியார், எவன் வழிப்போக்கன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதோட காது. சறுக்குறவனுக்குக் காதுதான் பாதிக் கண்ணு. பின்னால ஒருத்தன் வர்ற சத்தம் கேக்கணும். காலுக்குக் கீழ பனி இறுகிடுச்சா இல்லையான்னு கேக்கணும். எல்லாத்தையும் மூடிக்கிட்டா என்னத்தக் கேக்குறது?

— உனக்கு மட்டும் இப்பக் காது கேக்குதா? நான் கை தூக்குன்னு சொன்னது விழுந்த மாதிரி தெரியலையே.

— சிரிக்காதீங்க. இன்னொண்ணு சொல்றேன். சட்டியை மாட்டினதும் பயல்களுக்குப் பயம் விட்டுப்போகுது. தலை தப்பிச்சுக்கும்னு நினைச்சு வர்ற வேகத்தைப் பாருங்க. அன்னைக்குத் தொமோயாவை இடிச்சானே, அந்த டோக்கியோ பையன், அவன் ஹெல்மெட் போட்டிருந்தான் அண்ணி. போட்டிருந்ததாலதான் அந்த வேகத்துல வந்தான்.

— போட்டிருந்ததாலதான் எந்திரிச்சும் நின்னான். ரெண்டு பேரும் ஒண்ணா விழுந்தாங்க. இடிச்சவன் எந்திரிச்சு, பனியைத் தட்டிவிட்டுக்கிட்டு, 'சார், சார்'னு என் பிள்ளையை எழுப்பியிருக்கான். சயோ இதைத்தான் நாளைக்கு முதல்ல சொல்லப்போறா. நீ என்ன பதில் சொல்லுவ?

— விழத் தெரிஞ்சவனுக்குத் தலையில...

— இசாவோ. அதை மட்டும் சொல்லாத.

— வாய் தவறி வந்துடுச்சு. மன்னிச்சிடுங்க.

— சயோ முன்னால தப்பித்தவறிக்கூட அது வந்துடக் கூடாது. விழத் தெரிஞ்சவனுக்குத் தலையில அடிபடாது. இந்த ஊர்ல பிள்ளைக்குப் பல்லு முளைக்கறதுக்கு முந்தி அதைத்தான் சொல்லிக் குடுக்குறோம். அவனுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். ஆனா அவன் விழறதுக்கு எங்க இருந்துச்சு நேரம்? சறுக்கவே இல்லையே அவன். பிள்ளைங்க சரிவுல குனிஞ்சு ஒரு குழந்தைக்கு பூட்ஸ் கொக்கி மாட்டிக்கிட்டிருந்தான். தவழ்ற குழந்தைகூட விழாத எடம் அது.

— தெரியும் அண்ணி. நான்தானே தூக்கினேன் அவனை.

— ஆமா. நீதான் தூக்கின. அதனாலதான் உங்கிட்ட கேக்குறேன், வேற யார்கிட்டயும் கேக்கல. கூரை மேல பனி தள்ள ஏறும்போது நீ என்ன போட்டுக்குற?

— அது வேற.

— என்ன வேற? மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு ஏறுற. இந்த ஊர்ல எவனாவது அது இல்லாம ஏறுனா அவன் பொண்டாட்டி ஏணியை எடுத்துடுவா. கூரையிலேருந்து விழுந்தா மட்டும்தான் மண்டை உடையுமா?

— அது வேலை அண்ணி. சறுக்குறது நமக்கு வேலையா? நடக்குறது மாதிரி. வீட்டுக்குள்ள நடக்க எவனாவது ஹெல்மெட் போடுவானா?

— நீ பிடிச்ச முயலுக்கு மூணே காலு. உங்கண்ணனும் இப்படித்தான். அவர் இருந்திருந்தா உன் தலையில ஒண்ணு போட்டுக் கை தூக்க வச்சிருப்பாரு. இல்ல, உன்கூடச் சேந்து அவரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. யாருக்குத் தெரியும்.

— அண்ணன் கட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாரு.

— சரி, கேளு. சயோ முந்தாநாள் அரிசி களைஞ்சுக்கிட்டே சொன்னா. 'அத்தை, சின்ன மாமா கை தூக்கலைன்னா நான் உதாவைக் கூட்டிக்கிட்டு நகோயாவுக்குப் போயிடுறேன். அம்மா வீட்டுல இருந்துக்குறேன். ஒரு தொப்பிக்காக மனுஷனை விடுற ஊர்ல என் பிள்ளை வளர வேணாம்'னா. கத்தல. கத்தியிருந்தா எனக்குப் பயமில்ல. அரிசி ஒண்ணு கீழ சிந்தாமச் சொன்னா.

— கோவத்துல சொல்லியிருப்பா.

— துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டா. குழந்தையோட குட்டிச் சட்டை முதக்கொண்டு. நான் பாக்காதப்போ மடிக்கிறா, நான் பாக்காத மாதிரி இருக்கேன். அவளும் குழந்தையும் போயிட்டா இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை சொல்லு? கீரை ஊறிடுச்சான்னு பீப்பாயை எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? எனக்கு அந்தக் குழந்தை வேணும் இசாவோ. வெக்கத்தை விட்டுக் கேக்குறேன். கை தூக்கு. நீ கை தூக்குனா நான் நாலு தொப்பியும் பின்னித் தர்றேன்.

— பின்னித் தருவீங்க, ஆனா யாரும் போடக் கூடாது. அப்படித்தானே?

— கோயில்ல குடு. மரியாதையா வாங்கிக்கட்டும். மலைக்குப் போறப்போ ஹெல்மெட் போடட்டும்.

— அப்புறம் தொப்பியை எங்க வைக்கிறது? மாடத்துலயா?

— ஏன், என் வீட்டு மாடத்துல அவன் படத்துக்கிட்ட ஒண்ணு இருக்கே. அது பாட்டுக்கு இருக்குது.

— ……அதைப் பத்தியும் சொல்லணும்னு இருந்தேன். பழைய தொப்பியை ஜனவரித் திருவிழா நெருப்புல போட்டுடுறதுதான் வழக்கம். இந்தத் தடவை தொமோயாவோடதையும் போட்டுடுவோம் அண்ணி. நானே கொண்டு போறேன்.

— அதைத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன். ஆஸ்பத்திரியில துவைச்சு மடிச்சுக் குடுத்தாங்க அதை. கிழியல, நையல. ஒரு கண்ணி விடல பாரு. அவ்வளவு பெரிய அடி, என் பின்னலுக்கு ஒண்ணும் ஆகல.

— சரி, விடுங்க.

— இறுக்கப் பின்னல்னு பேர் வாங்கினவ நான். உங்கம்மா எங்கிட்ட ஊசியைக் குடுக்கும்போது என்ன சொன்னாங்க தெரியுமா? 'விரலை விட்டு இழுத்தா விரல்தான் வலிக்கணும், தொப்பி இழுபடக் கூடாது. பனி உள்ள நுழையக் கூடாது'ன்னாங்க. கண்ணிக் கணக்கும் அவங்க குடுத்ததுதான். பெரிய தலை, சின்னத் தலை எல்லாத்துக்கும் ஒரே அளவு. பெரிய தலைக்காரனுக்கு நெத்தி மேல நிக்கும். உனக்குக் காதை மூடும். அதனாலதான் யார் சொன்னாலும் உனக்குக் கேக்கறதில்ல.

— என் தலை அவ்வளவு சின்னது இல்ல.

— நான் பின்ன வந்ததுலேருந்து அளவை மாத்தச் சொல்லி ஒருத்தன்கூடக் கேட்டதில்ல. கேட்டது என் பையன் ஒருத்தன்தான்.

— ……எப்போ?

— போன வருஷம், இதே கீரை சமயம். அப்பத்தான் முதல் தரச் சறுக்குப் பரீட்சை பாஸாகிட்டு வந்திருந்தான். இதோ, நீ உக்காந்திருக்கற எடத்துலதான் குந்திக்கிட்டு, பச்சைக் கீரைத் தண்டைக் கடிச்சுக்கிட்டே, 'அம்மா, இந்தத் தடவை எனக்குக் கொஞ்சம் பெருசாப் பின்னு'ங்கிறான். 'ஏன்டா, பரீட்சை பாஸானதும் தலை பெருத்துப் போச்சா? மண்டைக்கனம் பிடிச்சவனே'ன்னேன். சிரிக்கிறான் பாரு, கீரை புரையேறிடுச்சு. 'ஆமாம்மா, எனக்குத் தலை ரெண்டாயிடுச்சு, ரெண்டுக்கும் சேத்துப் பின்னு'ன்னான். அப்பனாகப் போறோம்ங்கிற குஷி அவனுக்கு. 'ராஜாவுக்கும் ஒரே அளவுதான், என் மகனுக்கும் அதே அளவுதான், போடா'ன்னு முதுகுல ஒண்ணு வச்சேன்.

— கீரைக்கு உப்பு போதுமா அண்ணி?

— என்னது?

— இல்ல, உப்பு. இன்னும் ஒரு கை போடலாமோன்னு.

— சொல்லிக்கிட்டே இருக்கேன், உப்புக்குப் போயிட்ட. எல்லாரும் இப்படித்தான். அவன் பேச்சை எடுத்தாலே உப்பு, பனி, லிஃப்ட்டுன்னு எங்கயாவது ஓடிடுறாங்க. அழாம நினைச்சுக்கறதுக்குன்னு எங்கிட்ட இருக்கறது அந்த ஒரு சாயங்காலம்தான். அதைக் கேக்கக்கூட ஆளில்ல.

— கேட்டேன் அண்ணி. கேட்டுட்டேன்.

— இரு, கதவு சத்தம். சயோவாத்தான் இருக்கும். நீ ஒண்ணும் பேசாத, நான் பேசிக்கறேன்.

— அத்தை, வந்துட்டேன். ஓ. சின்ன மாமாவும் இருக்கீங்களா. நல்லது.

— வா கண்ணு. மூக்கெல்லாம் செவந்து கெடக்கு பாரு. கணப்புக்கிட்ட வா. என்ன பை இது? சோயாக்கட்டி வாங்கினியா?

— வாங்கல அத்தை. கடைக்குப் போகல. உங்ககிட்ட பொய் சொன்னேன். மலைக்குப் போனேன்.

— மலைக்கா? இந்தக் காத்துலயா? எதுக்கு?

— சறுக்கு ஸ்கூல்ல அவரோட அலமாரியைத் திறக்க.

— அது எப்பவோ காலி பண்ணியாச்சே சயோ. நான்தான் சொன்னேனே.

— சொன்னீங்க சின்ன மாமா. மார்ச் மாசம் சொன்னீங்க. பழைய கையுறைதான் இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு. இன்னைக்கு அவரோட கோட்டை மடிச்சேன். உள்பையில சாவி இருந்துச்சு. போய்த் திறந்தேன். அந்தக் கதவைத் திறந்தே இருக்க மாட்டீங்க நீங்க. உள்ள அவரோட வாசனை அப்படியே இருந்துச்சு.

— இசாவோ, என்னப்பா இது? நீ காலி பண்ணலையா?

— ……மனசு வரல அண்ணி.

— சரி, அது போகட்டும். அத்தை, இதைப் பாருங்க. உங்களுக்குத் தெரியுமா இது?

— ஹெல்மெட்டு. யாரோடது?

— அவரோடது. நான் வாங்கிக் குடுத்தது. உதா வயித்துல இருக்கான்னு தெரிஞ்ச வாரம், நகானோவுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கினேன். எவ்வளவு மெல்லிசு பாருங்க. இருக்கறதுலயே தலையோட ஒட்டி உக்கார்றது எதுன்னு கேட்டுக் கேட்டு வாங்கினேன். கையில குடுத்தப்போ சிரிச்சாரு. 'போடுறேன் சயோ. அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன், பாரு'ன்னாரு. நானும் நம்பினேன். தினமும் மலைக்குப் போனப்புறம் போட்டுக்குறாருன்னுதான் நினைச்சேன். ஆஸ்பத்திரியில வந்துதான் தெரிஞ்சுது, போடவே இல்லைன்னு.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே கண்ணு. நீயும் சொல்லல, அவனும் சொல்லல.

— உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு அத்தை. 'நான் பின்னுறது என் பிள்ளைக்குப் போதலையான்னு அம்மா மனசு கஷ்டப்படும், நானே பக்குவமாப் பாத்துக்கறேன்'னாரு. அப்புறம் எல்லாம் முடிஞ்சு போச்சு. முடிஞ்சப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவா? ஹெல்மெட் இருந்திருந்தா தோள்பட்டை எலும்போட போயிருக்கும்னாரு. அதையும் நான் உங்ககிட்ட சொல்லல.

— ……தோள்பட்டையா.

— சின்ன மாமா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் கேக்கலாம்னு இருந்தேன். இப்பவே கேக்குறேன். இதைப் போட்டுக்கட்டுமான்னு அவர் உங்ககிட்ட கேட்டாரா?

— கேட்டான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ……கூடாதுன்னு சொன்னேன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். கூடாதுன்னேன். தப்பு என்னோடதும்மா. நாளைக்கு நானே முதல்ல எந்திரிச்சு நிக்கிறேன். ஹெல்மெட் கட்டாயம்னு நானே சொல்றேன், நானே கை தூக்குறேன். தலைமைப் பொறுப்பையும் விட்டுடுறேன். நீ எங்கயும் போக வேணாம். அண்ணியை விட்டுப் போகாத. இப்ப இதை எடுத்து உள்ள வச்சிடு.

— கூடாதுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டு அன்னைக்கு எப்படி சின்ன மாமா அவரைத் தோள்ல தூக்கிட்டு வந்தீங்க? எப்படி எங்க வீட்டுல வந்து டீ குடிச்சீங்க? நான் உங்க கால்ல விழுந்து அழுதப்போ என் முதுகைத் தடவிக் குடுத்தீங்களே.

— திட்டும்மா. நல்லாத் திட்டு.

— இரு சயோ. இசாவோ, நீ என்னைப் பாரு.

— என்ன அண்ணி?

— இப்பத்தான், இந்த டீ ஆறுறதுக்கு முந்தி, காதுங்கிற, மூடுபனிங்கிற, எங்கப்பாங்கிற. குழந்தை வேணும்னு வெக்கத்தை விட்டு நான் கேட்டேன், அசையல நீ. இந்த ஹெல்மெட்டைப் பாத்ததும் கை தூக்குறேன், பதவியை விடுறேன்ங்கிற. மூணு காலு முயலுக்கு நாலாவது கால் எங்கேருந்து வந்துச்சு?

— உண்மை வெளிய வந்துடுச்சு. அதான்.

— கூடாதுன்னு சொன்னவன் அலமாரியை எதுக்குப் பூட்டி வச்ச? காலி பண்ணிட்டேன்னு எதுக்குச் சொன்ன?

— பயம்தான். இவ கண்ணுல இது பட்டா என்னைக் கேப்பாளேன்னு பயம்.

— அத்தை, இங்க பாருங்க. ஓரத்துல ஏதோ செவப்பா ஒட்டியிருக்கு. மலையில வெளிச்சம் இல்ல, நான் கவனிக்கல.

— அலமாரியில தொப்பியும் கூடக் கெடந்திருக்கும். நூல் உதிர்ந்து ஒட்டியிருக்கும். அதைப் போய்ப் பாத்துக்கிட்டு. குடு சயோ, நான் உள்ள வைக்கிறேன்.

— அவன்கிட்ட குடுக்காத. எங்கிட்ட குடு. அந்த விளக்கை இப்படித் திருப்பு. ……இது என் நூல்.

— அண்ணி, குழந்தை முழிச்சுக்கப்போவுது.

— உதிர்ந்து ஒட்டினது இல்ல இது. இழுபட்டுச் சிக்கியிருக்கு. பின்பக்கம் இருக்கு. ரெண்டு காதுக்கிட்டயும் இருக்கு. முன்னால ஒண்ணுமில்ல, முன்னால வரைக்கும் வரவே இல்ல. சயோ, மாடத்துல அவன் படத்துக்கிட்ட தொப்பி இருக்கு. எடுத்துட்டு வா.

— எதுக்கு அத்தை?

— எடுத்துட்டு வான்னு சொல்றேன்ல.

— அண்ணி, வேணாம். உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன். விட்டுடுங்க.

— அவ வர்றதுக்குள்ள சொல்லு. நீ கூடாதுன்னு சொன்னியா?

— சொன்னேன்.

— உங்கண்ணன் படத்தைப் பாத்துச் சொல்லு, இசாவோ.

— வெளிய சிவப்புத் தெரிஞ்சாப் போதும்டா, உள்ள நீ என்ன வச்சிருக்கன்னு நான் எதுக்குப் பாக்கப்போறேன்னு சொன்னேன்.

— அப்போ சரின்னு சொல்லியிருக்கீங்க. சின்ன மாமா, நான் வாசல்ல நின்னு கேட்டேன். சரின்னுதானே சொல்லியிருக்கீங்க?

— தொப்பியைக் குடுக்காத சயோ. அங்கயே வச்சிடு.

— சரின்னு சொன்னீங்கன்னா அவர் ஏன் போடல? நீங்க ஏன் கூடாதுன்னு சொன்னதாப் பொய் சொன்னீங்க? இத்தனை மாசம் வழியில உங்களைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேன். உங்க வீட்டுலேருந்து வந்த சோத்தைத் திருப்பி அனுப்பினேன். உதாவைத் தொடவே விடலையே உங்களை. ஏன் வாங்கிக்கிட்டீங்க அத்தனையையும்?

— எனக்குத் தாங்கும்மா.

— உங்களுக்குத் தாங்கும்னா, யாருக்குத் தாங்காது?

— ……

— அத்தை, இவர் ஏன் பேச மாட்டேங்கிறாரு? தொப்பியை வச்சு என்ன பண்றீங்க அத்தை? ஹெல்மெட்டு மேல எதுக்கு மாட்டுறீங்க? அது ஏறாது. உங்க விரலெல்லாம் வெளுத்துப் போச்சு பாருங்க, இழுக்காதீங்க.

— ஏறல.

— அண்ணி, யாருக்கும் தெரியாது. தொப்பி மேல ஏறலைன்னு அவன் எங்கிட்ட மட்டும்தான் சொன்னான், அதுவும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். அடுத்த வருஷம் வேற பின்னித் தரச் சொல்றேன்னான். உங்க மேல அவனுக்கு ஒரு துளி வருத்தம் இல்ல. சத்தியமா இல்ல.

— அத்தை, என்ன சொன்னாரு அவரு? என்னன்னு எனக்குச் சொல்லுங்க.

— பத்து கண்ணி கூடப் போட்டிருந்தா ஏறியிருக்கும், சயோ. பத்தே பத்து கண்ணிதான் அவன் எங்கிட்ட கேட்டது.